நாலாம் நம்பர் பீப்பாய்

பெல்மீரோ இருபத்திரண்டு வருஷம் விசேயு நகரத்துக்கும் எங்கள் மலையோர ஊர்களுக்கும் நடுவே ஓடிய பஸ்களில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். கைக்குழந்தைக்கு வயது என்ன என்று தாயிடம் ஒரு தரம், பாட்டனிடம் ஒரு தரம் தனித்தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்ப்பான். ஓய்வு கொடுத்தபோது டிக்கெட் துளைக்கும் கருவியைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது.

அதன் பிறகு ஊருக்குத்தான் அனுபவம். பேக்கரிக்காரியின் சோள ரொட்டியை வீட்டுத் தராசில் வைத்துப் பார்ப்பான். வசந்தத்துக்கு வசந்தம் பக்கத்துத் தோட்டத்து எல்லைக்கல் நகர்ந்திருக்கிறதா என்று காலடி வைத்து அளப்பான். தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு, தன் சீட்டுப் பெட்டிக்குள் போனதைக் கண்ணால் பார்த்த பிறகும், பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்ட ஒரே ஆள் அவன்தான். மனைவி எர்சீலியா சூப்பில் போட்ட மீன் துண்டு ஏழா எட்டா என்று ஒருநாள் எண்ணியிருக்கிறான். அன்றைக்கு அவள் கரண்டியை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். பெரிய பாவி எல்லாம் இல்லை. யாரையும் ஏமாற்றியதில்லை, யாரிடமும் கைநீட்டியதில்லை. ஆனால் கண்கொத்திப் பாம்பு மாதிரி ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சோறு இறங்கும்?

அவனுடைய அப்பா அவனுக்கு விட்டுப்போனது கருங்கல் மேட்டில் ஒரு திராட்சைத் தோட்டம். பழைய கொடிகள். என்குருசாடு, மல்வசியா, பேர் தெரியாத இன்னும் இரண்டு மூன்று வெள்ளை ரகங்கள், எல்லாம் கைக்கு வந்தபடி கலந்து நட்டவை. மேல் வரிசைப் பழம் சிறுத்திருக்கும், தோல் தடித்திருக்கும், கடித்தால் நாக்கின் இரண்டு ஓரமும் சிலிர்க்கும். அதை வைத்துத்தான் பெல்மீரோவுக்குக் கர்வம். மற்ற நாற்பது பேரைப் போல அவனும் பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்துக்குத்தான் கொண்டுபோவான். அந்தச் சங்கத்தின் ஒயின் கிடங்குச் சாவி முப்பது வருஷமாக எர்சீலியாவின் அண்ணன் அமீல்கர் இடுப்பில் தொங்கியது.

அமீல்கர் பெல்மீரோவுக்கு நேர் எதிர். வரிசையில் நிற்கும் ட்ராக்டர்களில் யார் பெட்டியையும் கிளறிப் பார்க்க மாட்டான். மேலே ஒரு குலையை எடுத்து வாயில் போடுவான், "போ, போ" என்பான், அவ்வளவுதான். கெட்ட பழக்கம் என்று சொன்னால் ஒன்று: காலையில் கஃபேயில் நின்றபடி குடிக்கும் காப்பியில் சோம்புச் சாராயம் ஒரு சொட்டு விட்டுக்கொள்வான். ஒரு சொட்டு என்பது அவன் கணக்கு. கஃபேக்காரியின் கணக்கு வேறு.

அந்த வருஷம் சங்கத்துக்குப் புதிதாக ஒயின் தயாரிப்பு படித்த பெண் வந்தாள், நத்தேர்சியா. எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லாருக்கும் அவள் 'இன்ஜினியரம்மா'. மேட்டுத் தோட்டக்காரர்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு, உங்கள் வெள்ளைத் திராட்சையைப் பெரிய தொட்டியில் ஊற்றிக் கெடுக்கப்போவதில்லை, ஆறு புது ஓக் பீப்பாய் வாங்கியிருக்கிறோம், ஆளுக்கு ஒன்று, சாறு அதற்குள்ளேயே புளித்து குளிர்காலம் முழுக்க மரத்தோடு கிடக்கட்டும், வசந்தத்தில் ருசி பார்த்து ஆறையும் கலப்போம் என்றாள்.

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெள்ளை ஒயின் என்றால் வெளுத்திருக்க வேண்டும், பல் கூசக் குளிர்ந்திருக்க வேண்டும். மஞ்சளாகிப்போனது கெட்டுப்போனது, பன்றிக் கறி ஊறப்போடத்தான் லாயக்கு. இதுதான் எங்களுக்குத் தெரிந்த சாஸ்திரம். வெள்ளைக்கு எதற்கு மரம்? எதையோ மூடி மறைக்கத்தான் மரம் என்று பெல்மீரோ அங்கேயே முடிவு கட்டிவிட்டான். எதை மறைக்க என்பதும் வீட்டுக்கு நடந்து போவதற்குள் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சங்கத் தலைவர் தவெய்ராவின் தோட்டம் ஆற்றங்கரையில் இருக்கிறது. தண்ணீர் குடித்து ஊதிய பழம், சக்கரையும் இல்லை, சத்தும் இல்லை. கிடங்குக் கதவைச் சாத்திய பிறகு தன் மேட்டுச் சாறு தவெய்ராவின் தொட்டிக்கும், ஆற்றங்கரைச் சாறு தன் பீப்பாய்க்கும் போகாது என்று யார் கண்டது? மேலே மரவாசனை ஏறிவிட்டால் எவனுக்கு வித்தியாசம் தெரியும்? சாவி மச்சானிடம் இருந்தால் என்ன, மச்சானும் சம்பளக்காரன்தானே.

இதை நினைத்து நினைத்து இரண்டு வாரம் தூக்கமில்லை. அறுவடைக்கு முந்தின நாள் தோட்டத்துக்குப் போகும் வழியில், கல்வேலி ஓரமாக ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்ற காட்டுச் சோம்பு அவன் சட்டையில் உரசியது. விதை முற்றிப் பச்சையாக நின்றது. கையில் கசக்கிப் பார்த்தான். அங்கேயே அவனுக்கு யோசனை வந்துவிட்டது.

தன் சாற்றில் ஒரு அடையாளம் இருந்தால்? ஆடு மாடுக்குக் காதில் துளை போடுகிறார்களே, அது போல. வசந்தத்தில் தன் பீப்பாயில் லேசாகச் சோம்பு மணத்தால் மச்சான் யோக்கியன். மணக்காவிட்டால் கையும் களவுமாகப் பிடிபட்டான். கெட்டுவிடுமோ என்ற கவலையே அவனுக்கு வரவில்லை. ஆலிவ் காய் ஊறவைக்கும்போது சோம்பு போடுகிறோம், கஷ்கொட்டை அவிக்கும்போது போடுகிறோம், அதனால் யார் செத்தார்கள்? அறுவடையன்று பதினெட்டுப் பெட்டிப் பழத்திலும் பெட்டிக்கு ஒரு கைப்பிடி விதையை உதிர்த்து, மேலே குலைகளை அடுக்கினான். எர்சீலியாவிடம்கூட மூச்சுவிடவில்லை.

மறுநாள் வரிசையில் நின்றபோது அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அமீல்கர் வந்தான், மேலாக ஒரு பழத்தை வாயில் போட்டான், "இந்த வருஷம் தேன் மாப்ள" என்றான், பெட்டிகளை அப்படியே பிழியும் இயந்திரத்தில் கவிழ்த்தான். சாற்றைத் தெளியவிடாமல் கலங்கலாகவே பீப்பாயில் இறக்கச் சொல்லியிருந்தாள் இன்ஜினியரம்மா. பீப்பாய் முகத்தில் அமீல்கர் சாக்கட்டியால் 4 என்று எழுதி, பக்கத்தில் பெல்மீரோவின் பேரை முழுசாக எழுதினான். பெல்மீரோ அந்தப் பேரையும் சந்தேகமாகத்தான் பார்த்தான். சாக்கட்டியை அழிக்க எவ்வளவு நேரமாகும்?

நவம்பரில் ஒருநாள் மத்தியானம் கிடங்குப் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல நடந்தான். பக்கவாட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், உள்ளே அமீல்கர் ஒற்றை ஆளாக நாலாம் நம்பர் பீப்பாய் மேல் குனிந்து நிற்கிறான். பீப்பாயைச் சுற்றிப் போர்வை. கையில் நீளக் குச்சி, வாய்த்துளைக்குள் விட்டு எதையோ கலக்குகிறான். மற்ற ஐந்து பீப்பாயும் சும்மா கிடக்கின்றன. பெல்மீரோ கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், என்ன நடக்கிறது என்று கேட்டான்.

"காய்ச்சல் மாப்ள, உன் பீப்பாய்க்கு. நீ போய் உன் வேலையப் பாரு."

ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்டான். மார்ச் வரைக்கும் யாருக்கும் கிடையாது, இன்ஜினியரம்மா உத்தரவு என்று அமீல்கர் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி வெளியே அனுப்பினான். வழக்கமான கிண்டல்தான். ஆனால் பெல்மீரோவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. குளிர்காலம் முழுக்க அந்தப் போர்வையும் குச்சியும் அவன் கண்ணுக்குள் நின்றன. வெள்ளிக்கிழமை சந்தையில் தவெய்ரா தன்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூட இதோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

மார்ச்சில் எர்சீலியா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஆறு பீப்பாயையும் இன்ஜினியரம்மா ருசி பார்த்தாளாம். ஐந்து அருமையாம். ஒன்றில் மட்டும் மூக்கைத் துளைக்கும் சோம்பு வாசனையாம். திராட்சையில் தானாக வரும் வாசனை இல்லை, யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டாளாம்.

"எந்தப் பீப்பாய்?" என்றான் பெல்மீரோ.

"நாலாம் நம்பர்."

கேட்டவுடன் அவனுக்குச் சந்தோஷம் பொங்கியது. மறைப்பானேன், அப்படித்தான் இருந்தது. தன் சாறுதான்! ஒரு சொட்டு மாறவில்லை! மச்சான் யோக்கியன்! நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். பிறகுதான் எர்சீலியா மீதியைச் சொன்னாள். ஒயினில் வாசனை சேர்ப்பது குற்றம். வெளியே தெரிந்தால் சங்கத்து ஒயினுக்குக் கிடைக்கும் அரசுத் தர முத்திரையே போகும். கிடங்கில் சோம்பு என்றால் ஊரில் எல்லாருக்கும் ஒரே பேர்தான் ஞாபகம் வரும், அமீல்கர். ஒயினைத் திருடிக் குடித்துவிட்டு, குறைந்த அளவைத் தன் சாராயத்தால் நிரப்பியிருக்கிறான் என்று பேச்சாம். நாலாம் நம்பர் மேலே அவன் தனியாகக் குனிந்து நின்றதை நாலு பேர் பார்த்திருக்கிறார்களாம். தவெய்ரா காலையில் வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டுவிட்டார். முப்பது வருஷம் தொங்கிய சாவி, கழற்றும்போது இடுப்புப் பட்டையில் சிக்கிக்கொண்டு வரவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உறுப்பினர் கூட்டம். அண்ணனை நிரந்தரமாக நீக்கப்போகிறார்கள்.

பெல்மீரோ மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சொன்னால் ஊர் என்ன செய்யும் என்றும் நினைத்தான். தன் பழத்தில் தானே கலப்படம் செய்தவனை எந்தச் சங்கம் வைத்துக்கொள்ளும்? ஒருவேளை அமீல்கரே சமாளித்துக்கொள்வான். ஒருவேளை பீப்பாய் செய்தவன் மீது பழி திரும்பும். ஒருவேளை அமீல்கர் நிஜமாகவே ஒரு சொட்டுச் சாராயம் விட்டிருப்பானோ? அந்தக் குச்சி எதற்கு? மனுஷனின் புத்தியைப் பாருங்கள், தான் செய்தது என்று தெரிந்த பிறகும் அடுத்தவன் மேல் சந்தேகத்துக்கு ஒரு இடம் தேடியது. நாலு நாள் இப்படியே ஓட்டினான். கஃபேக்குப் போகவில்லை. ரொட்டியை எடை போடவில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எர்சீலியா சூப்பைப் பரிமாறிவிட்டுத் தான் உட்காராமல் நின்றாள்.

"ஊரே எங்க அண்ணனத் திருடன்னு சொல்லுது. நீங்க மட்டும் ஒரு வார்த்தை தப்பா பேசல."

"நம்ம வீட்டு ஆளு, அதான்."

"எங்க அம்மா சாவுக்கு வந்த பூவயே எண்ணிப் பாத்தவரு நீங்க. வீட்டு ஆளு, வெளி ஆளுன்னு என்னிக்கி பாத்தீங்க? என்ன செஞ்சீங்க, சொல்லுங்க."

அவன் தலை நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால்கூடப் பொய் சொல்லியிருப்பான். குனிந்தே இருந்ததில் அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அவள் கத்தவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும் உங்கள் வாயால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன், அதற்கப்புறம் இந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் நாற்பது பேரும் வந்திருந்தார்கள். அமீல்கர் கோயிலுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மேஜை மேல் சாவிக்கொத்து. எல்லாரும் சாட்சியாக ருசி பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றார் தவெய்ரா. இன்ஜினியரம்மா கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு பீப்பாயிலும் விட்டு உறிஞ்சி, கிளாஸ்களில் இறக்கினாள்.

முதலில் நல்லதைக் கொடுத்தாள், மற்ற ஐந்தும் கலந்தது. பெல்மீரோ கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். வைக்கோல் நிறம். இதுதான் கெட்டுப்போனது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தோமா என்று தோன்றியது. முகர்ந்தால் வாட்டிய ரொட்டி, எலுமிச்சைத் தோல், அதற்குப் பின்னால் மெழுகு போல ஏதோ. வாயில் வைத்தால் முதலில் வழவழவென்று இறங்கி, போகிற போக்கில் கூர்மையாக ஒரு கீறல் கீறிவிட்டுப் போனது. மரம் எதையும் மறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு தோட்டக்காரன் தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு, எதுவும் பேசாமல் மறுபடி நீட்டினான்.

பிறகு நாலாம் நம்பர். கிளாஸ் கைக்கு வருவதற்கு முன்பே வாசனை வந்தது. ஒருவன் முகத்தைச் சுளித்துத் தரையில் துப்பினான். இருமல் மருந்து என்றான் இன்னொருவன், எல்லாரும் அமீல்கரைப் பார்த்துச் சிரித்தார்கள். பெல்மீரோ துப்பவில்லை. வாயிலேயே வைத்திருந்தான். சோம்பு அடங்கியதும், அதற்குக் கீழே தன் மேட்டுப் பழம் தெரிந்தது. மற்ற ஐந்தையும் விடக் கெட்டியாக, நாக்கின் இரண்டு ஓரத்தையும் சிலிர்க்க வைத்துக்கொண்டு, தன் அப்பா நட்ட கொடிகள். இவ்வளவு நல்லதாக வந்திருக்கிறதே, இதைப் போய் நாசம் பண்ணிவிட்டோமே என்று அவனுக்கு அழுகை முட்டியது. விழுங்கினான்.

"நான்தான் போட்டேன்" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை. அவன் மறுபடி சொன்னான். பதினெட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஒரு கைப்பிடி, வேலியோரத்துச் சோம்பு. ஏன் என்று தவெய்ரா கேட்டார்.

"என் சாற எடுத்துட்டு உங்க ஆத்தங்கரைத் தண்ணிய ஊத்திடுவானோன்னு பயந்தேன். அடையாளம் வச்சேன்."

தவெய்ராவின் காது சிவந்தது. இன்ஜினியரம்மா கையிலிருந்த குழாயை மெதுவாக மேஜை மேல் வைத்தாள். நாலு நாளாக அமீல்கரைத் திருடன் என்றவர்கள் எல்லாம் இப்போது தங்கள் ஷூவைப் பார்த்தார்கள். தவெய்ரா எழுந்து, தவறாக நினைத்துவிட்டோம் என்று இரண்டு வார்த்தை சொல்லி, சாவிக்கொத்தை அமீல்கர் பக்கம் தள்ளினார். அமீல்கர் அதைத் தொடவில்லை. எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். தங்கையைத் தாண்டும்போது மட்டும் அவள் தோளில் கை வைத்தான்.

பெல்மீரோ என்ன நினைத்து வந்தான் தெரியுமா? திட்டுவார்கள், சங்கத்தை விட்டு விலக்குவார்கள், மச்சான் ஒரு அறை விடுவான் என்று நினைத்தான். அறைக்கு அவன் கன்னம் தயாராகவே இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வெளியே பரவ வேண்டாம், பீப்பாயை நீயே வீட்டுக்கு எடுத்துப் போ என்று தீர்மானம் போட்டார்கள். மற்றபடி, அமீல்கரைத் திரும்பக் கூட்டிவருவது உன் பொறுப்பு என்று சாவியை அவன் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே போனான். அமீல்கர் வீட்டுப் பின்புறத்தில் முட்டைக்கோஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். பெல்மீரோ வேலிக்கு வெளியிலேயே நின்றான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் மச்சான். நவம்பர்ல என் பீப்பாய்ல குச்சி விட்டு என்ன செஞ்சுட்டிருந்த?"

அமீல்கர் மண்வெட்டியை நிறுத்தினான். வந்த காரியத்தை விட்டுவிட்டு இப்போதும் இதைத்தான் கேட்கிறானே என்பது போலப் பார்த்தான். பிறகு சொன்னான், கோபம் இல்லாமல், களைத்துப்போனவன் மாதிரி.

"உன் சாறு புளிக்காம நின்னுபோச்சு. சோம்பு வாசன என் மூச்சுலதான் வருதுன்னு நெனச்சேன். இருபதாயிரம் லிட்டர் தொட்டி இருக்கு, அதுல ஊத்திருங்கன்னாங்க இன்ஜினியரம்மா. ஊத்தியிருந்தா உன் சோம்பு இருந்த எடம் தெரியாது, என் மேல பழியும் இல்ல. நான்தான் விடல. ஊத்துனா நான் மாத்திட்டேன்னு நீ நெனப்பன்னு, போர்வ சுத்தி, கணப்பு வச்சு, மூணு வாரம் கலக்கிக் கலக்கி உயிர் குடுத்தேன்."

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பெல்மீரோவின் வாயில் இருந்தது. அது எவ்வளவு சின்னது என்று அவனுக்கே தெரிந்ததால் வெளியே வரவில்லை. சாவிக்கொத்தை வேலிக்கம்பின் மேல் வைத்தான். அழுதான். அமீல்கர் மறுபடி மண் அணைக்க ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை காலையில் கிடங்கு திறந்திருந்தது. ஐந்து பீப்பாய் கலந்த ஒயின் அந்தக் கோடையில் தர முத்திரை வாங்கியது. நல்ல ஒயின்தான், ஆனால் முதுகெலும்பு கொஞ்சம் குறைகிறது என்று இன்ஜினியரம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நாலாம் நம்பர் பெல்மீரோ வீட்டுக்கு வந்தது. எர்சீலியா வேறு எதையும் மேஜையில் வைக்க மறுத்துவிட்டதால், மதியத்துக்கு மதியம் அதையே குடித்தான்.

அடுத்த செப்டம்பரில் ட்ராக்டர்கள் வரிசையில் நின்றன. அமீல்கர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான், மேலே ஒரு பழத்தை வாயில் போட்டான், "போ, போ" என்றான். பெல்மீரோவின் முறை வந்தது. அமீல்கர் தரையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தான். பெல்மீரோவின் முதல் பெட்டியை எடுத்து, மொத்த வரிசையும் பார்த்திருக்க, துணியின் மேல் கவிழ்த்தான். மண்டியிட்டு உட்கார்ந்து, குலை குலையாகத் தூக்கிப் பார்த்துத் திரும்ப அடுக்கினான். பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. முதல் பெட்டி முடிந்ததும் பெல்மீரோ இரண்டாவது பெட்டியைத் தானே இறக்கி, தானே கவிழ்த்தான்.